பியானோவில் பக்கம் வாசிப்பதையே தொழிலாகக் கொள்ள முடியுமா?

பாளை மாமா | வெள்ளி, இரவு 9.10

அனைவருக்கும் வணக்கம். இந்த இழையைத் தொடங்கக் காரணம் என் அக்காள் மகள். பாளையங்கோட்டையில் பி.காம். இரண்டாம் ஆண்டு படிக்கிறாள். ஏழு வயதிலிருந்து பியானோ கற்று, சென்ற ஆண்டு டிரினிட்டி என்ற லண்டன் இசைத் தேர்வில் கடைசிப் படியான எட்டாம் கிரேடு தேறிவிட்டாள். படிப்பை முடித்ததும் இசையையே தொழிலாகக் கொள்ளப்போவதாக அவள் சொன்னபோது வீட்டில் யாரும் பெரிதாகத் திகைக்கவில்லை. ஆனால் தனியாக மேடையேறி வாசிக்க விருப்பமில்லை, பாடுகிறவர்களுக்கும் வயலின்காரர்களுக்கும் பக்கம் வாசிக்க, அதாவது பக்கவாத்தியமாகத் துணை வாசிக்கத்தான் விருப்பம் என்று அவள் சொன்னதும் அத்தானுக்கு முகம் சுருங்கிவிட்டது. தனியாக வாசிக்கத் திராணி இல்லாதவர்கள்தானே பக்கத்தில் உட்காருவார்கள், பதிமூன்று வருடம் கட்டணம் கட்டியது இதற்காகவா என்று கேட்டுவிட்டார். பிள்ளை அன்று இரவு சாப்பிடவில்லை.

எனக்கு இசையில் ஞானம் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை பாமாலைப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுவதோடு சரி. அத்தானுக்கு ஒரு பதில் சொல்லியாக வேண்டும். இப்படி ஒரு தொழில் உண்மையிலேயே உண்டா, அதில் யாராவது பெயர் எடுத்திருக்கிறார்களா, நம் ஊரிலிருந்து அங்கே போக வழி என்ன என்பதை விவரம் தெரிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவனாக இருப்பேன்.

வெண்கட்டை கருங்கட்டை | வெள்ளி, இரவு 10.45

மாமா அவர்களுக்கு. நான் நாற்பத்தோரு ஆண்டுகளாக ஆலயத்தில் வாசித்துவருகிறேன். முதல் பதினாறு ஆண்டுகள் காலால் மிதிக்கும் பெடல் ஆர்கன், அதன் பிறகு மின்சாரக் கருவி. வீட்டில் பிள்ளைகளுக்குப் பியானோவும் கற்றுக்கொடுக்கிறேன். உங்கள் அத்தான் கேட்ட கேள்வியை நூறாண்டுகளுக்கு முன் லண்டனிலும் கேட்டார்கள் என்பதைச் சொன்னால் அவருக்குச் சற்று ஆறுதலாக இருக்கும். அங்கேயும் அந்தக் காலத்தில் நிகழ்ச்சி அறிவிப்பில் பாடகரின் பெயர் பெரிய எழுத்தில் இருக்கும். பியானோ வாசிப்பவரின் பெயரைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

அந்த நிலையை மாற்றியவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் ஜெரால்டு மூர். 1899இல் வாட்ஃபோர்டில் பிறந்து, சிறுவயதில் குடும்பத்தோடு கனடாவுக்குப் போய், அங்கே ஊமைப்படக் கொட்டகையில் ஆர்கன் வாசித்துப் பிழைத்து, இருபது வயதில் இங்கிலாந்துக்குத் திரும்பியவர். 1920களின் நடுவில் ஜான் கோட்ஸ் என்ற டெனர் (ஆண்களின் மேல்குரல்) பாடகரிடம் போய்ச் சேர்ந்தார். தம்மை ஆளாக்கியவர் கோட்ஸ்தான் என்று பிற்காலத்தில் நன்றியோடு சொன்னார். மூரும் முதலில் சுரத்தைத் தவறாமல் வாசித்தால் போதும் என்று நினைத்தவர்தான். பாட்டின் சொல்லைப் படிக்காமல் பியானோவில் கை வைக்கக் கூடாது என்பது அவருக்குப் பாடகரிடமிருந்து வந்த பாடம்.

1939இல் போர் தொடங்கி லண்டன் அரங்குகள் மூடப்பட்டபோது, மைரா ஹெஸ் என்ற பியானோ கலைஞர் நேஷனல் கேலரியில் மதிய நேரக் கச்சேரிகளை நடத்தினார். 1946 வரை 1,698 கச்சேரிகள் நடந்தன. அங்கே மூர் வாசித்ததோடு, பக்கம் வாசிப்பது எப்படி என்று வாசித்துக் காட்டிப் பேசவும் செய்தார். அதன்பின் ஃபிஷர்-டீஸ்கௌ, எலிசபெத் ஷ்வார்ஸ்கோஃப், விக்டோரியா டி லாஸ் ஏஞ்செலெஸ் போன்ற பெரும் பாடகர்கள் எல்லாரும் அவரோடு பாடினார்கள். 1962இல் வெளிவந்த தன்வரலாற்றுக்கு, என் சத்தம் கூடிப்போகிறதா என்ற கேள்வியையே அவர் தலைப்பாக வைத்தார். இது நகைச்சுவைக்காகச் சொன்னதாக இருந்தாலும், பக்கம் வாசிக்கிற ஒவ்வொருவரும் ஒத்திகையில் தினமும் கேட்கிற கேள்வி அதுதான். 1967 பிப்ரவரி 20 அன்று ராயல் ஃபெஸ்டிவல் ஹாலில் அவருக்கு விடைகொடுக்க நடந்த கச்சேரியில் மேலே சொன்ன மூவரும் வந்து பாடினார்கள். எல்லாரும் பாடி முடித்த பிறகு மூர் தனியாகப் பியானோவுக்கு வந்து, ஷூபர்ட் என்ற இசையமைப்பாளர் இசைக்கு நன்றி சொல்லி எழுதிய பாட்டு ஒன்றை, பாடகர் இல்லாமல், தாமே வாசித்து எழுந்தார். ஆயுள் முழுவதும் பக்கம் வாசித்தவர் தனியாக வாசித்த அந்தச் சில நிமிடங்களைத்தான் ஊர் இன்றுவரை நினைவில் வைத்திருக்கிறது. உங்கள் அத்தானிடம் இதைச் சொல்லுங்கள்.

மேடையை விட்டபிறகும் அவர் ஓய்ந்துவிடவில்லை. ஃபிஷர்-டீஸ்கௌவோடு ஷூபர்ட்டின் நானூற்றுக்கும் மேற்பட்ட பாடல்களை அவர் பதிவுசெய்ததில் பெரும்பகுதி அதன்பிறகுதான் நடந்தது.

கடைசி வரிசை டெனர் | சனி, காலை 7.20

அண்ணாச்சி சொன்னதெல்லாம் சரியாகவே இருக்கலாம். ஆனால் லண்டன் கதையைக் கொண்டு பாளையங்கோட்டைப் பிள்ளைக்கு வழி சொல்ல முடியாது. நான் இருபது ஆண்டுகளாகப் பாடகர் குழுவில் இருக்கிறேன். இப்போது எங்கள் பக்கத்து ஆலயங்களில் வாசிக்கும் பையன்கள் கீபோர்டில் ஒரு பொத்தானை அழுத்துகிறார்கள். தாளமும் பேஸும் தானாக ஓடுகின்றன. இடது கையால் ஒரு கார்டை (சேர்ந்து ஒலிக்கும் சுரக்கூட்டை) பிடித்துக்கொண்டு வலது கையால் மெட்டை வாசித்தால் ஆராதனை முடிந்துவிடுகிறது. நான்கு குரலுக்கும் எழுதியதை எழுதியபடி வாசிக்கிறவர்களை விரல்விட்டு எண்ணலாம். இந்த நிலையில் பக்கவாத்தியத்தைத் தொழிலாகக் கொண்டால் யார் கூலி கொடுப்பார்கள் என்பதையும் யாராவது எழுதுங்கள்.

வீசுகோல் | சனி, காலை 11.05

நான் மேற்கத்திய இசை படித்தவன் இல்லை. அம்பாசமுத்திரம் பக்கம், வயலின் வாசிக்கிறேன். என் தாத்தா வில்லுப்பாட்டில் குடம் அடித்தவர். டெனர் அவர்கள் கேட்ட கூலிக் கேள்விக்கு என்னிடம் பதில் இல்லை. ஆனால் அத்தான் சொன்ன அந்த ஒரு வார்த்தை என்னை உறுத்துவதால் எழுதுகிறேன்.

வில்லுப்பாட்டில் புலவர் வீசுகோலால் வில்லின் நாணில் அடித்துக் கதையைப் பாடுகிறார். அவருக்குப் பக்கத்தில் குடம், உடுக்கு, ஜால்ரா, கட்டை, பின்பாட்டு. கொடைவிழாவில் விடிய விடியக் கேட்கிற சனத்துக்குப் புலவரின் பெயர்தான் தெரியும். ஆனால் புலவர் எந்த இடத்தில் கதையை இழுப்பார், எந்த இடத்தில் சட்டென்று வேகத்தைக் கூட்டுவார் என்பதை அவர் கோலை ஓங்கும்போதே குடக்காரர் கண்டுகொள்ள வேண்டும். கோல் நாணில் விழுந்த பிறகு கண்டுகொண்டால் அரை மாத்திரை பிந்திவிடும். தாத்தா கோலையே பார்ப்பதில்லை, புலவரின் முழங்கையைத்தான் பார்ப்பேன் என்பார். அப்படிப்பட்டவரைப் பார்த்து, உமக்குக் கதை பாடத் தெரியாததால்தானே குடம் அடிக்கிறீர் என்று யாரும் கேட்டதில்லை.

எனக்கு ஓர் ஐயமும் உண்டு. நாங்கள் வயலினில் பக்கம் வாசிக்கும்போது பாடகர் என்ன பாடப்போகிறார் என்பது முன்கூட்டித் தெரியாது. அவர் ஆலாபனையில் ஒரு பிடியைப் போட்டால் அதை நிழலாகத் தொடர்ந்து, அவர் நிறுத்தியதும் எங்கள் முறைக்கு நாங்கள் வாசிக்கிறோம். உங்கள் இசையிலோ எல்லாம் எழுதி வைத்திருக்கிறது. எழுதியதை இரண்டு பேரும் வாசிப்பதற்குப் பக்கவாத்தியம் என்ற பெயர் பொருந்துமா?

வெண்கட்டை கருங்கட்டை | சனி, பிற்பகல் 3.30

வீசுகோல் தம்பி கேட்டது நல்ல கேள்வி. ஒரே ஒரு பாட்டை எடுத்து விளக்க முயல்கிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

1814இல், பதினேழு வயதில், ஷூபர்ட் எழுதிய பாட்டு அது. ஒரு பெண் இராட்டை சுற்றிக்கொண்டே தன்னை விட்டுப்போனவனை நினைத்துப் புலம்புகிறாள். சொல் ஜெர்மன் கவிஞர் கதேயினுடையது. பியானோவில் வலது கை பதினாறாம் பங்குச் சுரங்களில் வளைந்து வளைந்து சுற்றுகிறது. அது இராட்டையின் சக்கரம். இடது கையில் கேட்கும் துள்ளல் அவளுடைய கால் மிதி. சுருதியின் உயரத்தை எண்ணால் சொல்லும் நம் கட்டைக் கணக்கில் சொன்னால் 2 கட்டை மைனர். அவள் அவனுடைய நடையை, கையை, சிரிப்பை ஒவ்வொன்றாக நினைத்துக்கொண்டே வர, சுருதி மேலே மேலே ஏறி, கடைசியில் முத்தம் என்ற சொல்லுக்கு வரும்போது பியானோ நின்றுவிடுகிறது. கால் மிதியும் இல்லை, சக்கரமும் இல்லை. ஒரு கார்டு மட்டும் தொங்குகிறது. எவ்வளவு நேரம் என்று ஷூபர்ட் எழுதவில்லை. அந்தக் கார்டின் மேல் நிறுத்தக் குறி மட்டும்தான் உண்டு. பிறகு சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றி நிற்கிறது, மறுபடியும் ஒரு சுற்று, அதன் பிறகே பழையபடி ஓடுகிறது. கை நடுங்குகிற பெண் அறுந்த நூலை எடுத்து முடிச்சுப் போட முயல்வதைப் போல இருக்கும்.

இங்கே பாடுகிறவள் வாயைத் திறப்பதே இல்லை. அவள் என்ன ஆனாள் என்பதைச் சொல்வது முழுக்கப் பியானோவின் வேலை. அந்தக் கார்டை எவ்வளவு நேரம் பிடித்திருப்பது, முதல் சுற்றை எந்த அளவு தயங்கித் தொடங்குவது, பெடலை எப்போது விடுவது என்பவை மூன்றும் வாசிப்பவரின் கையில் இருக்கின்றன. ஆகையால் சுரம் எழுதப்பட்டிருக்கிறது, காலமும் கனமும் எழுதப்படவில்லை என்பதுதான் என் பதில். நீங்கள் சுரத்தைக் கற்பனை செய்கிறீர்கள். நாங்கள் அந்த அரை விநாடியைக் கற்பனை செய்கிறோம். நிழல் என்ற உவமை எங்களுக்குப் பொருந்தாது. பாதிப் பாட்டு எங்களிடம் இருக்கிறது. வேறு நல்ல தமிழ்ச்சொல் கிடைக்காததால்தான் பக்கவாத்தியம் என்கிறோம்.

பாடகியின் மூச்சைக் கவனிக்க நான் ஒரு வழி வைத்திருக்கிறேன். மேடையில் அவர் எனக்கு முன்னால் சபையைப் பார்த்து நிற்பதால் முகம் தெரியாது, முதுகுதான் தெரியும். மூச்சு எடுக்கும்போது கழுத்துக்குக் கீழே, ரவிக்கையின் மேல்விளிம்பு ஒரு நூல் அளவு உயரும். அது உயர்ந்து நிற்கிற நேரத்தில் என் கை கட்டையின் மேல் இருக்க வேண்டும். வீசுகோல் தம்பியின் தாத்தா முழங்கையைப் பார்த்தார் என்றதும் எனக்கு இதுதான் நினைவுக்கு வந்தது.

கை வலியைப் பற்றியும் ஒரு வார்த்தை. அதே ஷூபர்ட் 1815இல் எழுதிய இன்னொரு பாட்டில், இரவில் குதிரையில் விரைகிற தந்தையும் சாகப்போகிற மகனும் வருகிறார்கள். வலது கை ஒரே சுரத்தை எட்டுச்சுர இடைவெளியில் மும்மூன்றாக அடித்துக்கொண்டே போக வேண்டும். நிமிடத்துக்கு 152 தட்டு என்ற வேகத்தில் வாசித்தால் ஒவ்வொரு நிமிடமும் கை 456 முறை விழ வேண்டும். பாட்டோ கிட்டத்தட்ட நான்கு நிமிடம். ஷூபர்ட்டே ஒரு பிரதியில் மும்மூன்றை இரண்டிரண்டாகக் குறைத்து எழுதி வைத்திருக்கிறார். பக்கம் வாசிப்பது எளிது என்று நினைக்கிறவர்கள் அந்தப் பாட்டின் முதல் பக்கத்தை மட்டும் மணிக்கட்டு இறுகாமல் வாசித்துக் காட்டட்டும்.

கடைசி வரிசை டெனர் | சனி, மாலை 6.15

எட்டாம் கிரேடு முடித்தவருக்கு இதெல்லாம் ஏற்கெனவே வந்திருக்கும் அல்லவா? அப்படியென்றால் வேறென்ன படிக்க வேண்டும்?

வெண்கட்டை கருங்கட்டை | சனி, இரவு 8.50

வராது. கிரேடுத் தேர்வை நான் குறை சொல்லவில்லை. என் பிள்ளைகளையும் அனுப்புகிறேன். ஆனால் பியானோத் தேர்வில் மாணவர் தனியாகத்தான் வாசிக்கிறார். மூன்று உருப்படிகளை ஓர் ஆண்டு முழுவதும் தேய்த்துத் தேய்த்து மனப்பாடம் ஆக்கிவிட்டு, எதிரே இன்னொரு உயிர் மூச்சு விடுவதைக் கேட்காமலேயே எட்டு கிரேடையும் முடித்துவிடலாம். பக்கம் வாசிப்பவருக்கோ நாளைக் காலை ஒன்பது மணிக்கு வேண்டிய பாட்டு இன்று இரவுதான் கைக்கு வரும். பார்த்தவுடன் வாசிக்க வேண்டும். தம் இரண்டு வரியோடு மேலே இருக்கிற பாடகர் வரியையும் கண் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும். அதற்கு மேல், பாடகர் வந்து, தொண்டை சரியில்லை, அரைக் கட்டை இறக்கிக்கொள்ளுங்கள் என்பார்.

இந்த இடத்தில்தான் நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு ஒரு கொடுப்பினை இருப்பதாக நான் நினைக்கிறேன். நம் பாடகர் குழுக்களில் பழைய ஆட்கள் ஐந்துகோட்டு நொட்டேஷனைப் படிப்பதில்லை. டோ ரே மி என்ற டானிக் சோல்ஃபாவைத்தான் படிப்பார்கள். இங்கிலாந்தில் நாரிச்சில் சாரா குளோவர் என்ற அம்மையார் உண்டாக்கி, ஜான் கர்வன் பரப்பிய முறை. மிஷனரிகளோடு இங்கே வந்தது. அதில் டோ எந்தக் கட்டையிலும் இருக்கலாம். நம் ச எப்படியோ அப்படித்தான். சங்கரதாஸ் சுவாமிகள் காலத்து நாடகங்களில் ஆர்மோனியக்காரர் ராஜபார்ட்டுக்கு ஒரு கட்டையிலும் ஸ்திரீபார்ட்டுக்கு ஒரு கட்டையிலும் மாற்றி மாற்றி வாசித்தாரே, அவர் யாரிடம் டிரான்ஸ்போஸ் (கட்டை மாற்றி வாசிப்பது) படித்தார்? ச மாறினால் எல்லாமே கூட மாறும் என்பது நம் காதுக்கு வெறும் பழக்கம். ஒவ்வொரு சுரத்துக்கும் நிலையான பெயரைப் படித்து வளர்ந்த வெளிநாட்டு மாணவர் இதற்கு மிகவும் சிரமப்படுவார்.

வீசுகோல் | சனி, இரவு 9.40

அண்ணாச்சி மன்னிக்க வேண்டும், இதை என்னால் முழுக்க ஏற்க முடியவில்லை. ச மாறினால் தொண்டைக்கு எந்தச் சிரமமும் இல்லை. வயலினிலும் தந்தியை ஏற்றி இறக்கிவிட்டு அதே விரலை வைப்பேன். பியானோவில் விரல் மாறுமே. 5 கட்டை மேஜரில் ஒரே ஒரு கருங்கட்டை. 5½ கட்டைக்குப் போனால் நான்கு கருங்கட்டைகள். காதுக்குத் தெரிவதால் கைக்குத் தெரிந்துவிடாது. ஆர்மோனியக்காரர் ஒற்றை மெட்டை ஒரு கையால் வாசித்தார். அதோடு பலரிடம், விரல் மாறாமலே சுருதியை மாற்றித்தரும் ஸ்கேல் சேஞ்சர் பெட்டி இருந்தது.

வெண்கட்டை கருங்கட்டை | சனி, இரவு 10.20

சரியாகப் பிடித்தீர்கள். காது பாதி வழிக்குத்தான் கொண்டுபோகும் என்று திருத்திக்கொள்கிறேன். மீதிப் பாதிக்கு உழைப்புதான் வேண்டும். நான் பிள்ளைகளுக்குக் கொடுக்கிற வேலை இதுதான்: வேதாகமச் சங்கீதங்களைப் பாட்டாக்கிய 1551ஆம் ஆண்டு ஜெனீவா சங்கீதப் புத்தகத்தில் வந்த ஓல்டு ஹண்ட்ரட் ராகத்தை, நான்கு குரலோடு, வாரம் ஒரு கட்டையாகப் பன்னிரண்டு கட்டையிலும் வாசிக்க வேண்டும். நான்கே வரி, எல்லாச் சபையாருக்கும் தெரிந்த ராகம், ஒரு சுரம் தப்பினாலும் வீட்டில் காய் நறுக்குகிற அம்மாவுக்குக்கூடத் தெரிந்துவிடும். பன்னிரண்டாவது வாரத்தில் கை தானாகத் தேட ஆரம்பிக்கும்.

ஸ்கேல் சேஞ்சரைச் சொன்னதால் என் கதை ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். ஊர் பெயர் வேண்டாம். ஒரு திருமண ஆராதனையில் கீபோர்டு வாசிக்கப் போயிருந்தேன். முந்தின நாள் இரவு யாரோ ஒரு பையன் அதில் பாடிப் பார்த்துவிட்டு, டிரான்ஸ்போஸ் பொத்தானை ஒன்று குறைவாக வைத்து அப்படியே அணைத்திருக்கிறான். அந்தக் கருவி அதை நினைவில் வைத்துக்கொள்ளும் வகை. மணப்பெண் வாசலுக்கு வந்தாயிற்று. நானும், மதுரையிலிருந்து வந்திருந்த வயலின்காரரும் ஒன்றாகத் தொடங்கினோம். அவர் தந்தியைத் தம் சுருதிப்பெட்டிக்குச் சேர்த்திருந்தார். எழுதியிருந்த சுரத்தைத்தான் இருவரும் வாசித்தோம். கேட்டதோ அரைக் கட்டை வித்தியாசத்தில் இரண்டு பாட்டு. முதல் வரி முடிவதற்குள் நான் என் கையை அரைக் கட்டை மேலே ஏற்றிக்கொண்டேன். அதே நொடியில் அவர் நல்ல மனிதராக அரைக் கட்டை கீழே இறங்கிவிட்டார். மறுபடியும் இரண்டு பாட்டு. ஆராதனை நடத்திய ஐயரவர்கள் கண்ணை மூடிக்கொண்டதை நான் பார்த்தேன். அன்றிலிருந்து எந்தக் கருவியில் உட்கார்ந்தாலும் முதலில் ஒரு சுரத்தை அழுத்தி, சட்டைப்பையில் இருக்கிற டியூனிங் ஃபோர்க்கோடு ஒத்துப்பார்க்காமல் தொடங்குவதில்லை.

நாசரேத் பெண் | ஞாயிறு, அதிகாலை 1.15

இழையை இப்போதுதான் பார்த்தேன். நான் நாசரேத்தில் வளர்ந்து, ஜெர்மனியில் ஓர் இசைக் கல்லூரியில் ஒன்பது ஆண்டுகளாக இதே வேலையில் இருக்கிறேன். கூலியைப் பற்றிக் கேட்ட டெனர் அண்ணனுக்கு நான்தான் பதில் சொல்ல வேண்டும்.

இந்தத் தொழிலில் வருமானம் மேடையில் இல்லை, ஒத்திகை அறையில் இருக்கிறது. என் வேலைக்கு இங்கே கொரெபெட்டிட்டர் என்று பெயர். காலையில் பாட்டு மாணவர்களின் வகுப்பு, பிறகு வயலின், பிற்பகலில் கிளாரினெட் தேர்வுக்கான ஒத்திகை என்று மணிக்கணக்கில் வாசிக்கிறேன். அந்த மணிகளுக்குத்தான் சம்பளம். ஓப்பரா அரங்குகளிலும் இதே பதவி உண்டு. அங்கே இசைக்குழு முழுவதையும் பியானோவில் வாசித்துப் பாடகர்களுக்குப் பாடம் செய்விப்பதும், யாராவது வராத அன்று அவர்களுடைய வரியைப் பாடிக் காட்டுவதும்கூட வேலைதான். பெரிய இசை நடத்துநரான ஜார்ஜ் ஷோல்ட்டி புடாபெஸ்ட் ஓப்பராவில் இந்தப் பதவியில்தான் தொடங்கினார். பாலே வகுப்புக்கு வாசிப்பவர்கள், தேர்வுக்கு மாணவரோடு போகிறவர்கள் என்று இன்னும் பல வகை உண்டு.

வயலின் கன்செர்ட்டோவுக்கு (இசைக்குழுவோடு வயலின்காரர் தனியாக வாசிக்கும் உருப்படி) வாசிக்கும்போது வரும் சிக்கல் ஒன்றைச் சொல்கிறேன். அறுபது பேர் வாசிப்பதைப் பதிப்பகத்தார் இரண்டு கைக்கு ஒடுக்கி அச்சிட்டிருப்பார்கள். ஒரு சுரத்தையும் விட மனமில்லாமல் ஒடுக்கியதால் பத்து விரலுக்கு மேல் வேலை வைத்திருப்பார்கள். எல்லாவற்றையும் வாசிக்க முயல்கிற மாணவர் தடுமாறுவார். அனுபவசாலி முதலில் இசைக்குழுப் பிரதியைப் பார்த்து, வயலின்காரரின் காது எந்தக் கருவியைப் பிடித்துக்கொண்டு போகிறதோ அதையும் பேஸையும் வைத்துக்கொண்டு மற்றதைத் துணிந்து விடுவார். எதை விடலாம் என்று தெரிவதற்கு எனக்கு மூன்று ஆண்டுகள் பிடித்தன.

அத்தானுக்கு நான் சொல்ல விரும்புவது பக்கம் வாசிப்பதிலேயே பெயர் எடுத்த கிரகாம் ஜான்சனைப் பற்றி. அவர் 1950இல் ஆப்பிரிக்காவில் புலவாயோவில் பிறந்தவர். மேற்கத்திய இசையின் தலைநகரங்களிலிருந்து பார்த்தால் அதுவும் நம் ஊரைப் போல எங்கோ ஒரு மூலைதான். பதினேழு வயதில் லண்டனுக்குப் போய் ராயல் அகாடமியில் படித்து, பிறகு மூரிடமும் ஜெஃப்ரி பார்சன்ஸிடமும் கற்றுக்கொண்டார். பல பாடகர்களைக் கூட்டி ஷூபர்ட்டின் பாடல்கள் அத்தனையையும் 37 குறுந்தகடுகளில் பதிவுசெய்தார். தட்டுக்குத் தட்டுப் பாடகர் மாறுகிறார். பியானோவில் எல்லாவற்றிலும் அவரே. அந்த வேலையைத் திட்டமிட்டு நடத்தியவரும் அவர்தான்.

மாமா, உங்கள் மருமகள் பி.காம். படிப்பை விட வேண்டாம். அதோடு டிரினிட்டியின் டிப்ளமோ தேர்வுகளுக்குத் தயாராகட்டும். சென்னையில் கே.எம். இசைக் கல்லூரி 2008 முதல் இருக்கிறது. போய்ப் பார்த்து விசாரியுங்கள். ஜெர்மன் மொழியை இப்போதே தொடங்கச் சொல்லுங்கள். எங்கள் நுழைவுத் தேர்வில் நன்றாக வாசித்தும், பாட்டின் பொருளைக் கேட்டபோது விழித்தவர்களை நான் பார்த்திருக்கிறேன். கையில் வித்தை இருந்தும் சொல் தெரியாதவருக்கு, பாடகர் எங்கே மூச்சு எடுப்பார் என்பது தெரிவதில்லை. எங்கே மூச்சு எடுக்கலாம் என்பதை வாக்கியம்தான் தீர்மானிக்கிறது.

சனிக்கிழமை இரவு அண்ணாச்சி சோல்ஃபாவைப் பற்றி எழுதியதைப் படித்துச் சிரித்துக்கொண்டேன். இங்கே முதல் வாரத்தில் ஒரு பாரிடோன் பாடகர் ஒரு கட்டை இறக்கச் சொன்னபோது அறையில் எல்லாரும் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார்கள். நான் மனதுக்குள் டோவை நகர்த்தி வைத்துவிட்டு வாசித்தேன். இடது கையில் இரண்டு இடம் தப்பியது, பாடகருக்குத் தெரியவில்லை.

சுருதிக்காரன் | ஞாயிறு, பிற்பகல் 2.00

பியானோ ட்யூன் செய்வது என் தொழில். எல்லாரும் வாசிப்பவரைப் பற்றியே பேசுகிறீர்கள்; கருவியைப் பற்றி ஒரே ஒரு பதிவு போட்டுவிட்டு ஒதுங்கிக்கொள்கிறேன். பியானோவுக்குள் இருநூற்றுக்கும் மேற்பட்ட தந்திகள் இருக்கின்றன. அவை எல்லாம் சேர்ந்து இழுக்கிற இழுவை ஏறத்தாழ 20 டன். அந்தப் பாரத்தை இரும்புச் சட்டம் தாங்கினாலும், சுருதியைக் கலைப்பது மரப்பலகை. காற்றில் ஈரம் ஏறினால் பலகை உப்பித் தந்தியைத் தள்ளும், சுருதி ஏறும். சித்திரை வெயிலில் காய்ந்தால் இறங்கும். நம் பக்கம் ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொள்கிறது. கிறிஸ்துமஸ் கேரலோ மார்கழியில். பலர் அக்டோபர் தொடக்கத்திலேயே என்னை அழைத்துச் சுருதி சேர்த்துவிட்டு, டிசம்பரில் கலைந்துவிட்டது என்று என்னைக் குறை சொல்கிறார்கள். மழை மூன்று நான்கு வாரம் பெய்து பலகை ஈரத்துக்குப் பழகிய பிறகு, நவம்பர் கடைசியில் அழையுங்கள். நிமிர்ந்த பியானோவாக இருந்தால் அடிப்பலகையைக் கழற்றி உள்ளே குறைந்த வாட் குண்டு பல்பு ஒன்றைத் தந்திக்கும் மரத்துக்கும் படாமல் பொருத்தி மழைக்காலம் முழுவதும் எரியவிடுங்கள். கரையான் வருகிறதா என்று மாதம் ஒருமுறை பின்பக்கம் டார்ச் அடித்துப் பாருங்கள். பழைய மிஷன் பங்களாப் பியானோக்களில் பாதியைக் கரையான்தான் கொண்டுபோயிற்று.

இன்னொன்று, மின்விசிறிக்குக் கீழே பியானோவைப் போடாதீர்கள். அது சுருதிக்காக இல்லை, தாளுக்காகச் சொல்வது. ஜெராக்ஸ் எடுத்த பக்கங்களைச் செல்லோடேப்பால் நீளமாக ஒட்டி வைத்துக்கொண்டு, துணிக்கு மாட்டும் கிளிப்பால் இரண்டு பக்கமும் கவ்வ வைக்கிறவர்களைத்தான் நான் அனுபவசாலிகள் என்பேன்.

பாளை மாமா | அடுத்த சனி, இரவு 9.30

எல்லாருக்கும் நன்றி. அத்தானுக்கு இழை முழுவதையும் அச்செடுத்துக் கொடுத்தேன். மூரைப் பற்றி அவர் எதுவும் சொல்லவில்லை. நாசரேத் அக்கா மணிக்கணக்கில் சம்பளம் என்று எழுதிய இடத்தில் மட்டும் பேனாவால் கோடு போட்டிருக்கிறார். படிப்பை முடிக்கட்டும், பிறகு பார்க்கலாம் என்று சொல்லியிருக்கிறார். எங்கள் அத்தான் வாயில் அது பாதிச் சம்மதம்.

மருமகள் இந்த வாரம் முதல் வெள்ளிக்கிழமைப் பாடகர் குழு ஒத்திகைக்குப் போகிறாள். நேற்று முதல் பாட்டிலேயே ஒரு டெனர் (இங்கே எழுதுகிறவர்தானா என்று தெரியவில்லை) அரைக் கட்டை இறக்கச் சொல்லியிருக்கிறார். பொத்தானை நோக்கிக் கை போய்விட்டதாம். அண்ணாச்சியின் திருமணக் கதை நினைவுக்கு வந்து கையை இழுத்துக்கொண்டு, தானே இறக்கி வாசித்திருக்கிறாள். மூன்றாவது வரியில் நின்றுபோயிற்று. மறுபடி தொடங்கியபோதும் அதே இடத்தில் நின்றது. அந்த டெனர் பொறுமையாக நின்றுகொண்டிருந்தார் என்று சொன்னாள். வீட்டுக்கு வந்ததும் கீபோர்டின் டிரான்ஸ்போஸ் பொத்தான் மேல் பிளாஸ்திரி ஒட்டிவிட்டாள். இதை நான் எழுதிக்கொண்டிருக்கும்போது அடுத்த அறையில் ஓல்டு ஹண்ட்ரட் கேட்கிறது. 5½ கட்டை என்று நினைக்கிறேன், இரண்டாவது வரியில் என் அக்காள் அடுக்களையிலிருந்து தப்பு என்று சத்தம் போடுகிறாள்.